செருப்புக் காலுக்கு எந்தப் பெடல்? தருமபுரி, கிருஷ்ணகிரி சாலைகளுக்கான சைக்கிள் குறிப்புகள்

பெடல் மாற்றக் கடைக்குப் போனால் "என்ன சைக்கிள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, "காலில் என்ன போட்டுக்கொண்டு ஓட்டுவீர்கள்?" என்பது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஓடும் சைக்கிள்களை மிதிப்பது பெரும்பாலும் ஹவாய் செருப்பு, பள்ளி ஷூ, வெறுங்கால். ஆனால் பெடலைப் பற்றிய பேச்செல்லாம் பந்தயக்காரர்கள் ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடலைச் சுற்றியே நடக்கிறது. விளைவு, பாலக்கோட்டுப் பக்கம் மாந்தோப்புக்குப் போய்வரும் ஆள்கூட பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஆணி வைத்த அலுமினியப் பெடலை மாட்டிக்கொண்டு, செருப்பின் அடியைச் சல்லடையாக்கிக் கொள்கிறார்.

செருப்புக்கும் வெறுங்காலுக்கும் இன்றுவரை ரப்பர் கட்டைப் பெடலை மிஞ்சியது இல்லை. கருப்புச் சைக்கிளில் வரும் அதே பழைய பெடல்தான்: இரண்டு பக்கமும் இரும்புத் தகடு, நடுவில் அச்சு, முன்னும் பின்னும் கம்பியில் கோத்த ஒவ்வொரு ரப்பர் கட்டை. மிதிக்கும் பரப்பு அகலம், காலைக் குத்தாது, ரப்பர் மட்டும் தேய்ந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம். இதன் பலவீனமும் ரப்பர்தான். வெயிலில் நின்று நின்று இறுகிவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிந்தால் பிடிப்பு இருக்கிறது. கண்ணாடி மாதிரி மினுமினுத்து, நகம் வழுக்கினால் மழையில் காலும் வழுக்கும். இன்னொன்று, கட்டையைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டு தளர்ந்தால் கட்டை தன்னைத்தானே சுற்ற ஆரம்பிக்கும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது கட்டை உருண்டால் முழங்கால் நேராக ஹேண்டில்பாரில் போய் மோதும். ரப்பர் மாற்றும்போதெல்லாம் அந்த நட்டுகளையும் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.

மழையில் செருப்பு வழுக்குகிறது என்று பெடலை மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பல நேரம் வழுக்குவது பெடலுக்கும் செருப்புக்கும் நடுவே இல்லை. செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவே. அதற்கு எந்தப் பெடலும் மருந்தாகாது. பின்வார் வைத்த சாண்டல் போட்டாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

விலை குறைந்த கியர் சைக்கிள்களிலும் சிறுவர் சைக்கிள்களிலும் வருவது வெறும் பிளாஸ்டிக் பெடல். உலர்ந்த சாலையில், பள்ளிக்கூடத் தூரத்துக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அச்சைச் சுற்றியுள்ள இடத்தில்தான் விரிசல் விடும். சைக்கிள் சாய்ந்து பெடல் தரையில் மோதும்போது அடி முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. மயிரிழை விரிசல் தெரிந்தாலே மாற்றிவிட வேண்டும். உடையும்போது ஏற்றத்தில் முழு எடையும் போட்டு மிதிக்கிற நேரமாகத்தான் உடையும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியில் வந்த பெடல் போய்விட்டால், பள்ளி ஷூவுக்கும் செருப்புக்கும் சேர்த்து ரப்பர் கட்டையோ, மேல்பரப்பில் ரப்பர் பதித்த அகலப் பெடலோ போதும். பாவாடை, சுடிதார் போடும் பிள்ளைகளுக்கு ஆணிப் பெடல் வேண்டவே வேண்டாம். துணியின் ஓரம் ஆணியில் மாட்டினால் காலை எடுக்க முடியாது.

ஆணிப் பெடல் யாருக்கு? தட்டையான ரப்பர் அடி ஷூ போட்டுக்கொண்டு, மண் பாதையிலும் மலைப் பாதையிலும் ஓட்டுகிறவர்களுக்கு. அலுமினியத்தில் வரும், கண்ணாடியிழை கலந்த நைலானிலும் வரும். நைலான் என்றதும் பிளாஸ்டிக்தானே என்று ஒதுக்க வேண்டாம். மேலே சொன்ன வெறும் பிளாஸ்டிக் வேறு, இது வேறு. பாறையில் உரசினால் அலுமினியத்தில் கீறல் விழும், முனை கூராகும். நைலான் வழுக்கிக்கொண்டு போய்விடும். வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது அகலம்: 8, 9 சைஸ் ஷூவுக்கு நீளமும் அகலமும் 100 மி.மீ. ஒட்டி இருந்தால் பாதம் வெளியே தொங்காது. இரண்டாவது, நடுப்பகுதி ஓரங்களைவிட இம்மியளவு குழிந்திருக்க வேண்டும். நடுவில் அச்சு புடைத்துக்கொண்டு நின்றால் ஆணி எத்தனை இருந்தாலும் பிடிப்பு வராது. மூன்றாவது, ஆணிகள் திருகிக் கழற்றக்கூடியவையா என்பது. பெடலோடு சேர்த்து வார்த்த ஆணி தேய்ந்தால் பெடலே தேய்ந்த கணக்கு. திருகாணியாக இருந்தால் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், புதிது போடலாம்.

சுமை ஏற்றுகிறவர்கள் ஆணிப் பெடலை யோசித்துத்தான் வாங்க வேண்டும். பால் கேனோ கேழ்வரகு மூட்டையோ கட்டிய சைக்கிளை மேட்டில் யாரும் மிதிப்பதில்லை, தள்ளித்தான் போவார்கள். தள்ளும்போது பெடல் கெண்டைக்காலிலும் முன்னெலும்பிலும் வந்து இடிக்கும். ரப்பர் கட்டை இடித்தால் வலிக்கும், அவ்வளவுதான். ஆணி இடித்தால் கிழிக்கும்.

மரை: காசு போகிற இடம்

எந்தப் பெடலைத் தேர்ந்தெடுத்தாலும் அது உங்கள் கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கிச் சுற்றும் கையில், ஏற வேண்டும். பெடல் அச்சின் மரையில் (திருகுச் சுற்றில்) இன்று நடைமுறையில் இரண்டு அளவுகள்தான். பெரியவர்கள் ஓட்டும் கிட்டத்தட்ட எல்லா சைக்கிளுக்கும் 9/16 அங்குலம். அதாவது வெளிவிட்டம் 14.3 மி.மீ. இடது கை, வலது கை, நடு அச்சு எல்லாம் சேர்ந்து ஒரே இரும்புக் கம்பியாக வளைந்து வரும் கிராங்க் உள்ள சிறுவர் சைக்கிள்களுக்கு 1/2 அங்குலம், 12.7 மி.மீ. இரண்டிலும் அங்குலத்துக்கு 20 மரைதான். கடையில் வெர்னியர் அளவுகோல் இருந்தால் வைத்துப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய பெடலையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அளவு மாறினால் நடப்பது இது. பெரிய அச்சு சின்ன ஓட்டையில் ஏறவே ஏறாது. அது பரவாயில்லை, தப்பு உடனே தெரிந்துவிடும். சின்ன அச்சு பெரிய ஓட்டையில் தொளதொளவென்று போய் நிற்கும். அதில் நூலையோ தண்ணீர்க்குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பையோ சுற்றி இறுக்கி அனுப்புகிற வழக்கம் ஒன்று உண்டு. அது இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் பெடல் காலோடு கழன்று வரும். அதற்குள் கிராங்க் மரையும் போயிருக்கும்.

அளவைவிட அதிகம் பேர் தடுக்கி விழுவது இடது, வலதில். வலது பெடலுக்கு வழக்கமான மரை. இடது பெடலுக்கு எதிர் மரை. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். அச்சின் முனையிலோ ஸ்பானர் பிடிக்கும் தட்டையிலோ இடதுக்கு எல், வலதுக்கு ஆர் என்று ஆங்கில எழுத்து பொறித்திருப்பார்கள். எழுத்து அழிந்துவிட்டதா? அச்சை மரை மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். மரைக்கோடுகள் வலப்பக்கமாக மேலேறினால் வலது பெடல், இடப்பக்கமாக மேலேறினால் இடது.

ஏன் இப்படி எதிர் மரை என்று கேட்டால், "மிதிக்கிற திசையில் கழலாமல் இருக்க" என்று பொதுவாகச் சொல்வார்கள். பதில் சரி, ஆனால் காரணம் நினைப்பதற்கு நேர்மாறானது. பெடலுக்குள் பால்ஸ் (சின்ன இரும்புக் குண்டுகள்) உருளும்போது வரும் உரசல், அச்சைக் கழற்றும் பக்கம்தான் தள்ளுகிறது. இறுக்குவது வேறொன்று. கிராங்க் ஓட்டை அச்சைவிட மயிரிழை பெரிது. நாம் எப்போதும் கீழ்நோக்கி அழுத்துகிறோம், கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் அழுத்தம் விழும் இடம் ஓட்டையின் உள்சுவரைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அச்சு அந்தச் சுவரில் மெல்ல உருளும். விரல்களை வளையமாக மடக்கி, உள்ளே ஒரு பென்சிலை விட்டு, சுவரை ஒட்டியே வட்டமாக நகர்த்திப் பாருங்கள். வட்டம் ஒரு பக்கம் போக, பென்சில் தன்னளவில் எதிர்ப்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பம் உரசலைவிடப் பலமானது. அது இறுக்கும் பக்கமாக விழத்தான் இடதில் எதிர் மரை. பால்ஸ் உடைந்து பெடல் இறுகிச் சிக்கிக்கொண்டால் கதை மாறும். அப்போது பெடலைச் சுற்றும் முழு வேகமும் கழற்றும் பக்கம் போகும். நன்றாக இறுக்கிய பெடல் வழியில் தானாகக் கழன்றால் முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

மாட்டுவதும் கழற்றுவதும்

இரண்டு பக்கத்துக்கும் ஒரே நினைவுக்குறி போதும். ஸ்பானரின் கைப்பிடி மேலே நிற்கும்படி மாட்டிக்கொள்ளுங்கள். கைப்பிடியை முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும், பின்சக்கரத்தின் பக்கம் இழுத்தால் கழலும். இடது, வலது, உள்ளிருந்து அலன் கீ (அறுகோணச் சாவி) போடுவது, எதற்கும் இதே விதி. கடிகாரத்திசை, எதிர்த்திசை என்று மனப்பாடம் செய்யப்போனால்தான் குழம்பும்.

ஸ்பானர் அளவு பெரும்பாலும் 15. பட்டறையில் கிடைக்கும் 14-15 ஸ்பானர் சில பெடல்களில் பிடிக்காது. அளவு சரிதான், தடிமன் அதிகம், கிராங்குக்கும் பெடலுக்கும் நடுவே உள்ள சந்தில் நுழையாது. பெடல் ஸ்பானர் என்றே மெல்லியதாக, நீளமாக ஒன்று தனியாக வரும். அச்சில் ஸ்பானர் தட்டையே இல்லாமல் வரும் பெடல்களுக்குக் கிராங்கின் உள்பக்கம் அலன் கீ குழி இருக்கும். அது 6 மி.மீ. அல்லது 8 மி.மீ. வாய்ப்பு இருந்தால் 8 உள்ளதையே தேர்ந்தெடுங்கள். 6-இல் இறுகிப்போன பெடலைக் கழற்றும்போது அலன் கீ தான் முதலில் முறுக்கிக்கொள்ளும்.

மாட்டும் வேலையில் அவசரம் கூடாத ஒரே இடம் முதல் ஐந்து சுற்று. கிராங்க் ஓட்டையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, செம்மண்ணும் துருவும் போனபின் அச்சு மரையில் கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் போட்டால் கழன்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கழலாது, கிரீஸ் இல்லாவிட்டால் அடுத்த வருடம் கழற்ற முடியாது, அதுதான் நடக்கும். பிறகு ஸ்பானரைத் தொடாமல் வெறும் விரலால் நாலைந்து சுற்று சுற்றுங்கள். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒன்றாம், இரண்டாம் சுற்றிலேயே பிடித்தால் நிறுத்துங்கள். அச்சு கோணலாக ஏறுகிறது, அல்லது இடது பெடலை வலதில் மாட்டுகிறீர்கள். அந்த நேரத்தில் ஸ்பானரைப் போட்டு ஒரு தள்ளு தள்ளுவதுதான் கிராங்கைக் கொல்கிறது. அலுமினியக் கிராங்க் என்றால் இரும்பு அச்சு அதில் புது மரையையே வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். மாட்டியவருக்கு நன்றாக இறுகியது போலவே தோன்றும்.

இறுக்கும் பலம் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பானர் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் முனையில் சுமார் 18 முதல் 20 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். கை முறுக்கி, பல்லைக் கடிக்கத் தேவையில்லை, ஆனால் விரல் நுனியால் தட்டிவிட்டு விடுகிற வேலையும் இல்லை. முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை சரிபாருங்கள்.

கழலாத பெடலுக்கு முதல் மருந்து பொறுமை. துரு இளக்கும் எண்ணெயோ, இல்லாவிட்டால் கொஞ்சம் டீசலோ கிராங்கின் உள்பக்கம் இருந்தும் வெளிப்பக்கம் இருந்தும் விட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பானர் வழுக்கினால் கை போய் மோதுவது அந்தப் பற்களில்தான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் தரையில் நிற்க வைத்து, ஸ்பானரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளம் கூட்டி, கையின் வேகத்தால் இல்லாமல் உடம்பின் எடையால் அழுத்துங்கள். அலுமினியக் கிராங்காக இருந்தால் பெடல் பக்கத்தில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவதும் உதவும். சூட்டில் இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரியும், பிடி தளரும்.

மரை ஏற்கெனவே கெட்டிருந்தால்? இரும்புக் கிராங்கில் பாதி கெட்ட மரையை 9/16 டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மீட்கலாம். டேப் போடுகிறவரிடம் இடதுக்கு எதிர் மரை டேப் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சாதாரண லேத் பட்டறையில் வலது மரை டேப் கிடைக்கும், எதிர் மரை டேப் இருப்பது அபூர்வம்; இடதுக்கும் வலது மரை டேப்பையே வைத்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கினால் மிச்ச மரையும் போகும். டேப்பைப் பின்பக்கத்திலிருந்து, அதாவது கெடாத மரை இருக்கும் உள்பக்கத்திலிருந்து விடுவது நல்லது. முழுக்கப் போன அலுமினியக் கிராங்கில் ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளும் புறமும் மரை உள்ள புஷ் போடலாம். ஆனால் சாதாரண சைக்கிளுக்கு அந்தக் கூலியைவிட ஒரு கிராங்க் மாற்றுவது மலிவு.

பெடல் என்று நினைத்தால் பெடலாக இருக்காது

புதுப் பெடல் போட்டும் "டக், டக்" சத்தம் போகவில்லை என்று வருகிறவர்களின் சைக்கிளில் குற்றவாளி பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். கருப்புச் சைக்கிள் என்றால் கிராங்கை நடு அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் ஆணியை முதலில் பாருங்கள். பெடலைப் பிடிக்காமல் கிராங்கின் கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மறுபக்கக் கிராங்க் அசையாமல் இந்தப் பக்கம் மட்டும் ஆடினால் காட்டர் தளர்ந்திருக்கிறது. நட்டை மட்டும் முறுக்கி இறுக்காதீர்கள், மரை பிய்ந்துவிடும். கிராங்கின் அடியில் கனமான இரும்பைத் தாங்குக் கொடுத்து, காட்டரின் தலையில் சுத்தியலால் அடித்து உள்ளே இறக்கியபின் நட்டை இறுக்க வேண்டும். புதுக் காட்டர் போட்டால் பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி ஒரு அடி, ஒரு முறுக்கு. இரண்டு கிராங்கும் ஒன்றாக ஆடினால் கோளாறு நடு அச்சில் பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டான கோனில். அதற்கும் பெடலுக்கும் சம்பந்தமில்லை.

சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் சமதளத்தில் ஒரு காலை எடுத்துவிட்டு மற்றக் காலால் மட்டும் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள். உட்கார்ந்து மிதித்தால் வரும் சத்தம் எழுந்து நின்றால் வரவில்லை என்றால் அது சீட்டுக் கம்பி.

மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் பாதம் ஒரு பக்கம் சாய்ந்து எழுவது போல இருந்தால் அச்சு வளைந்திருக்கிறது, இல்லாவிட்டால் கிராங்க் வளைந்திருக்கிறது. எது என்று பிரிக்க எளிய வழி, நல்ல பெடல் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது. ஆட்டம் போனால் பெடல், போகாவிட்டால் கிராங்க். கிராங்க் வளைந்ததைக் கவனிக்காமல் பெடலை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு நாளடைவில் முழங்கால் வலிக்கும்.

பால்ஸ், கிரீஸ், கல் தூசி

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிச் சாலைகளில் தினமும் போய்வரும் சைக்கிளின் பெடலைப் பிரித்தால் கிரீஸ் சாம்பல் நிறத்தில் இருக்கும். அந்தக் கல் தூசி கிரீஸோடு கலந்தால் அது மசகு இல்லை, சாணை பிடிக்கும் பசை. பால்ஸ் ஓடும் பாதையில் குழி விழும், பெடல் கறகறக்கும். மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் பெடல் மூழ்கும் அளவு தண்ணீரில் ஓட்டினாலும், வாட்டர் சர்வீஸில் குழாயைப் பெடல் பக்கம் நேராகப் பிடித்தாலும் கிரீஸ் கரைந்து துருப் பிடிக்கும். தூசி அதிகம் நுழைவது கிராங்கை ஒட்டிய உள்பக்கத்தில். வாங்கும்போது அந்தப் பக்கம் ரப்பர் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிமூடியை எல்லோரும் பார்க்கிறார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை.

பால்ஸ் போட்ட பெடலை வீட்டிலேயே பிரிக்கலாம். கீழே ஒரு தாம்பாளமோ வெள்ளைத் துணியோ விரித்துக்கொள்ளுங்கள். வெளிமூடி, பூட்டு நட்டு, நாக்குள்ள வாஷர், கோன் என்ற வரிசையில் வரும். கோனை எடுத்ததும் வெளிப்பக்கத்து பால்ஸ் கொட்டும். அச்சை இழுத்தால் உள்பக்கத்து பால்ஸ் கொட்டும். இரண்டையும் கலக்காமல் தனித்தனியே எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சாதாரணப் பெடலில் பால்ஸின் அளவு பெரும்பாலும் 5/32 அங்குலம், அதாவது 4 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. புதுசு வாங்கினால் அந்தப் பக்கம் முழுவதற்கும் புதுசே போடுங்கள். பழைய தேய்ந்ததோடு இரண்டு புது பால்ஸைச் சேர்த்தால் சுமை முழுவதையும் அந்த இரண்டே சுமக்கும், பாதையில் கோடு விழும். கோன் மேல் விரல் நகத்தை ஓட்டுங்கள். குழி தட்டுப்பட்டால் கிரீஸ் போட்டுப் பயனில்லை, பெடலை மாற்றுங்கள்.

மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பெடலுக்குள் பால்ஸ் உட்காரும் கிண்ணத்தில் வளையமாகக் கிரீஸ் வைத்து பால்ஸை அதில் பதியுங்கள். கிரீஸே பிடித்துக்கொள்ளும். கோனை விரலால் தொடும்வரை இறக்கி, அங்கிருந்து கால் சுற்றுக்கும் குறைவாகப் பின்னே எடுத்து, வாஷர் வைத்து, பூட்டு நட்டை இறுக்குங்கள். பூட்டு நட்டு இறுகும்போது கோன் சற்று உள்ளே போகும். அதனால் ஒரே தடவையில் சரியாக அமைவது அபூர்வம். இரண்டு மூன்று தடவை திருத்த வேண்டிவரும். அச்சைப் பிடித்துப் பெடலை ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது, தட்டிவிட்டால் தடங்கலின்றிச் சுற்ற வேண்டும். மழைக்கு முன் ஒரு தடவை, மழை முடிந்து தை பிறந்ததும் ஒரு தடவை செய்தால் ரப்பர் பெடல் வருடக்கணக்கில் ஓடும். பால்ஸை உள்ளே வைத்து மூடிய சீல்டு பேரிங் பெடலில் இந்த வேலை இல்லை, ஆனால் கறகறக்க ஆரம்பித்தால் பேரிங்கையே மாற்ற வேண்டும். அந்த அளவு பேரிங் நம்மூரில் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பெடலை வாங்குங்கள்.

பூட்டும் பெடல்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடிகாலையில் நீள ஓட்டம் போகிறவர்களில் பலர் இப்போது ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் வகைக்கு மாறுகிறார்கள். இதில் இரண்டு குடும்பங்கள். ஷூவின் அடியில் இரண்டு திருகாணியில் சின்ன உலோகக் கட்டை மாட்டுவது ஒன்று. ஷிமானோ 1990-இல் கொண்டுவந்த எஸ்.பி.டி. இந்த வகை. மூன்று திருகாணியில் பெரிய பிளாஸ்டிக் கட்டை மாட்டுவது இன்னொன்று. 1984-இல் வந்த லுக் பெடலின் வழி. ஷூவில் இரண்டு ஓட்டையா மூன்று ஓட்டையா என்று பார்த்துவிட்டுத்தான் பெடலுக்குப் போக வேண்டும். மூன்று திருகாணி வகைக்குள்ளேயும் ஷிமானோவின் கட்டை லுக் பெடலில் பொருந்தாது.

எங்கள் கணிப்பில் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் இரண்டு திருகாணி வகைதான் சரி. பெரிய பிளாஸ்டிக் கட்டையோடு ஒகேனக்கல்லில் இறங்கிப் பாறையிலும் படியிலும் நடந்தால் கட்டை தேய்ந்துவிடும், நடக்கிறவரும் வழுக்குவார். சின்ன உலோகக் கட்டை ஷூ அடியின் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். ஈரச் செம்மண் அப்பினாலும் இரண்டு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் தட்டை என்று வரும் பெடல் இன்னும் வசதி. கடைவீதிக்குச் செருப்போடு போகலாம், ஞாயிற்றுக்கிழமை ஷூவைப் பூட்டலாம்.

பூட்டும் பெடல் போட்டால் வேகம் கூடும் என்பது பாதி உண்மைகூட இல்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஆய்வில், சீரான வேகத்தில் மிதிக்கும்போது சாதாரண ஓட்ட ஷூவும் தட்டைப் பெடலும் எடுத்துக்கொண்ட சக்தியும், பூட்டிய ஷூ எடுத்துக்கொண்ட சக்தியும் ஒன்றாகவே இருந்தன. கிடைப்பது வேறு: குண்டும் குழியுமான சாலையில் கால் இடம் மாறாது, எழுந்து நின்று வேகம் பிடிக்கும்போது கால் துள்ளி விலகாது. அது வேண்டும் என்பவர்கள் வாங்கலாம்.

முதலில் பூட்டை நன்றாகத் தளர்த்தி வையுங்கள். பெடலில் உள்ள சின்னத் திருகாணியை, பெரும்பாலும் 3 மி.மீ. அலன் கீயால், கழித்தல் குறி பக்கம் திருப்பினால் தளரும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றுவதை ஒவ்வொரு காலிலும் ஐம்பது தடவையாவது பழகுங்கள். விழுவது வேகத்தில் இல்லை, நிற்கும்போதுதான். தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரி பக்கத்தில் வந்து நிற்கும் இடத்தில் கால் கழலாமல் சாய்வது விளையாட்டு இல்லை. நிற்கப் போகிறோம் என்று தோன்றியதுமே, நிற்பதற்குப் பத்து மீட்டர் முன்னால் ஒரு காலைக் கழற்றிவிடுங்கள்.

கட்டையை ஷூவில் எங்கே வைப்பது? ஷூவைப் போட்டுக்கொண்டு பெருவிரல் மேட்டு எலும்பையும் சுண்டுவிரல் மேட்டு எலும்பையும் தொட்டுப் பார்த்து ஷூவின் இரு பக்கமும் பேனாவால் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே பெடல் அச்சு வரும்படி கட்டையை வைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். கோணம் உங்கள் நடையைப் பொறுத்தது. மேசை மேல் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தக் கோணம். முழங்காலின் பக்கவாட்டில் வலி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கோணத்தை. ஒரு தடவைக்கு ஒரு மி.மீ. அல்லது ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் மாற்றாதீர்கள். பழைய இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிட்டு மாற்றுங்கள். திருகாணிகளில் கிரீஸ் தடவி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்குங்கள். ஒரு திருகாணி கழன்றால் கால் திரும்பும், கட்டை திரும்பாது. அப்போது பூட்டைத் திறக்கவே முடியாது.

எந்தப் பெடலாக இருந்தாலும் இறக்கத்தில் ஒரு பழக்கம் வேண்டும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையிலும் வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளிலும் திரும்பும் பக்கத்துப் பெடல் மேலே, வெளிப்பக்கத்துப் பெடல் கீழே இருக்க வேண்டும், எடை அந்த வெளிக்காலில். வளைவுக்குள் மிதித்துக்கொண்டே போனால் உள்பக்கப் பெடல் தரையைத் தொடும், பின்சக்கரம் தூக்கும். அகலமான ஆணிப் பெடல் குறுகிய பெடலைவிடச் சீக்கிரம் தரையைத் தொடும். பெடல் மாற்றிய பிறகு, நிற்கும் சைக்கிளை ஒரு பக்கம் சாய்த்து, எந்தச் சாய்வில் முனை தரையில் படுகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு மலை இறங்குங்கள்.